முன்னால் ஊதிய சங்கு

எங்கள் பள்ளிவாசலில் கீழே ஒரு கடிகாரம், மாடியில் ஒன்று, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் இடத்தில் ஒன்று, மதரஸாவில் ஒன்று. எல்லாமே சிவப்பு எழுத்து மின்னுகிற டிஜிட்டல் கடிகாரங்கள். நாலும் நாலு விதமாக மணி காட்டும். எது சரி என்பதில் ஜமாத்தே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தொழுதுவிட்டு வெளியே வருகிற ஆம்பளைகள் இதை வைத்து மல்லுக்கட்டாத நாளில்லை. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். அத்தா முறைப்பார்.

அதைச் சரிபண்ணித் தருகிறேன் என்று போனவன் என் அண்ணன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். திறந்தால் ஃபேன் முழுக்க வெங்காயச் சருகு. இதில் ஒரு பாட்டுக்கூட ஓடாதே என்று கேலி செய்தேன். மணி சொல்வதற்கு இது தாராளம் என்றான்.

பள்ளிவாசல் மொட்டைமாடியில் தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர் வைத்தான். அது சாட்டிலைட்டிலிருந்து நேரத்தை வாங்கி வயர் வழியாக இந்தப் பழைய கம்ப்யூட்டருக்குத் தரும். நாலு கடிகாரமும் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் மணி காட்டும். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டு நேரம் முடிகிறபோதும் நோன்பு திறக்கிறபோதும் ஊதுகிற மின்சாரச் சங்கையும் அதோடு இணைத்துவிட்டான். பாங்கு சொல்லும் மோதினார் ஸ்விட்சைத் தேடி ஓட வேண்டியதில்லை, அட்டவணை நேரம் வந்ததும் தானாக ஊதும். சண்டை ஓய்ந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் நின்று நின்றே காலம் தள்ளிய எங்கள் அத்தா, தன் கைக்கடிகாரத்தைத் தினமும் பள்ளிவாசல் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பார். மகன் வைத்த மணி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். திருப்பி வைக்கிற அழகிலேயே தெரியும்.

அதற்கப்புறம்தான் அத்தாவுக்குக் கிட்னி போனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீரைக்கூட அம்மா அளந்துதான் கொடுப்பார். நோன்பு நெருங்கியதும் டாக்டரம்மா கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பையும் விடாத மனுஷன். பகலில் எங்களுக்கு முன்னால் சாப்பிடக் கூசி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் இட்லியை விழுங்குவார். பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும், அவர்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

நோன்பின் கடைசிப் பத்து நாள் ஆரம்பித்தபோது டாக்டரம்மாவிடம் கெஞ்சினார்.

"ஒன்னே ஒன்னு புடிச்சுக்கிறேன்மா. வருசம் பூரா தாகத்தோடதானே கெடக்கேன். ஒரு நாளாச்சும் அல்லாவுக்காக இருந்துக்கிறேனே."

அந்தம்மா அரை மனசாகத் தலையாட்டினார். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் மட்டும், தலை சுற்றினால் உடனே தண்ணீர் குடித்துவிட வேண்டும் என்று பேச்சு.

அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு அத்தா பக்கத்திலேயே கிடந்தான். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அத்தாவுக்கு உதடு வெடித்து, பேச்சு குழறியது. திறந்திடுங்கத்தா என்று நான் தண்ணீரை நீட்டினேன், கையால் விலக்கிவிட்டார். வெயில் இறங்க இறங்க முகம் மட்டும் தெளிந்துகொண்டே வந்தது. சங்கு ஊதியது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார், அளந்த தண்ணீரைக் குடித்தார். அம்மா அழுதார்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்திருப்பேன். ரயிலடிப் பக்கத்துப் பள்ளிவாசலில் அப்போதுதான் பொழுதடையும் மஃரிபு பாங்கு கேட்டது. அத்தா கரண்டியை நிறுத்தி நிமிர்ந்தார்.

"என்னப்பா, இப்பத்தான் சொல்றாங்க?"

அண்ணன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். போனை எடுத்துப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டான்.

"அவங்க எப்பவும் லேட்டுதானே அத்தா. நீங்க குடிங்க."

எங்கள் ஊரில் இது நம்பக்கூடிய பேச்சுதான். இரண்டு பள்ளிக்கும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் எப்போதும் முன்னே பின்னே இருக்கும். அவரவர் பள்ளிச் சங்குதான் அவரவருக்கு. கையில் போன் இருந்தாலும் அந்த நேரத்தில் எவரும் அதைப் பார்ப்பதில்லை. அத்தா தலையாட்டிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்.

அண்ணன் பள்ளிவாசலுக்கு ஓடினான். நோன்புக்கு முன்னால் வருஷா வருஷம் பள்ளிக்கு வெள்ளையடிப்பார்கள். அடித்தவர்கள் மொட்டைமாடி ரிசீவரைக் கழற்றி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால் சுருட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நேரம் கிடைக்காத அந்தப் பழைய கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. தன் சொந்தக் கடிகாரத்தை வைத்தே ஊருக்கெல்லாம் மணி சொல்லிக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் ஓடியிருக்கிறது. நாலு கடிகாரமும் ஒரே மாதிரி காட்டியதால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. சஹர் சங்கு சீக்கிரம் ஊதுவதைப் கூடுதல் எச்சரிக்கை, பேணுதல் என்று மெச்ச வேறு செய்தார்கள். அட்டவணையில் பேணுதலுக்காக விட்டிருந்த ஓரிரு நிமிஷம் அதுவரை காப்பாற்றி வந்தது. அன்றைக்கு அதையும் தாண்டிவிட்டது. நாசமாய்ப் போன பெட்டி, தாண்டுவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை அதற்கு.

அண்ணனே பள்ளி இமாம் ஹஜ்ரத்திடம் போய் உண்மையைச் சொன்னான். பொழுது அடையும் முன் திறந்த நோன்பு நோன்பாகாது, எல்லோரும் பெருநாளுக்குப் பிறகு அதற்குப் பதிலாக ஒரு களா நோன்பு பிடித்துத் திருப்ப வேண்டும் என்று ஹஜ்ரத் அறிவிக்க வேண்டியிருந்தது. வெளி மைக்கில் மட்டும் சொல்லாதீர்கள் ஹஜ்ரத், வீட்டில் அத்தாவுக்குக் கேட்கும் என்று கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அவர் உள்ளே மட்டும் சொன்னார். அப்படியும் பக்கத்து வீட்டம்மா விஷயத்தைச் சொல்ல எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். படியேறவிடாமல் தெருவிலேயே மறித்து, வாயைத் திறந்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லி அனுப்பினேன். என்னை அந்தம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. போகட்டும்.

பெருநாள் பிறை பார்க்கும் முன்பே அத்தா மவ்த்தாகிவிட்டார். நோன்பினால் இல்லை, இதயம் நின்றுவிட்டது, இன்றில்லாவிட்டாலும் இன்னும் கொஞ்ச நாளில் நடந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவர் அந்த வருஷம் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

அடக்கம் முடிந்ததும் அண்ணன் ஹஜ்ரத்திடம் கேட்டான், அத்தாவுக்குப் பதிலாக நான் அந்த நோன்பைப் பிடிக்கலாமா என்று. ஒருத்தர் நோன்பை இன்னொருத்தர் பிடிக்க முடியாது, தேறாமலே போன நோயாளிமேல் களா கடனும் இல்லை, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டான். ஆனால் கடைக்குப் போவது குறைந்தது. கம்ப்யூட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் வைத்தான். நொறுக்கிப் போடு என்றேன். அவன் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினான்.

நான் அவனிடம் ஒருநாள் எரிந்து விழுந்தேன். அத்தா சந்தோஷமாகத்தானே போனார், நீ சொன்ன பொய்தான் அவரைக் காப்பாற்றியது, அதற்காவது நிம்மதியாக இரேன் என்றேன். அத்தா போன துக்கத்தில் வெளியே வராமல் இத்தாவில் இருந்த அம்மா அறைக்குள்ளிருந்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"அவருக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும். அவன் மூஞ்சியைப் பாத்தே கண்டுக்கிட்டாராம். எந்திரிச்சு நடமாடுனதும் களா புடிச்சுக்கிறேன், அவன்ட்ட சொல்லிராதே, ஒடஞ்சு போயிருவான்னாரு."

நான் அம்மாமேல் கோபப்பட்டேன், ஏன் இப்போது சொன்னீர்கள் என்று. எவ்வளவு நாள் நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது என்றார் அம்மா. அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

பள்ளிவாசலில் பழையபடி நாலு கடிகாரமும் நாலு மணி காட்டுகின்றன. சண்டையும் பழையபடி நடக்கிறது. அண்ணன் வருஷா வருஷம் பெருநாள் கழிந்து, ஊரெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒரு சாதாரண நாளில், ஒரு நோன்பு பிடிக்கிறான். ஹஜ்ரத் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்பதுமில்லை.

போன தடவையும் அத்தா உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்தான். எங்கள் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். அவன் பழத்தைக் கையிலேயே வைத்திருந்தான். ரயிலடிப் பள்ளியிலும் சொல்லி முடித்தார்கள். அப்படியும் வைத்திருந்தான். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பள்ளியும் சொல்லிருச்சுப்பா. வாயில போடு."

"இது அத்தாக்குச் சேருமாம்மா?"

அம்மா அவன் கையிலிருந்த பழத்தை வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு, அவன் வாயில் வைத்தார்.

"தெரியலப்பா. நீ தின்னு."