முப்பத்திரண்டு புள்ளிக்கு ஒரே கேள்வி

என் வீட்டுக்காரர் கடையில் இரண்டு தக்காளியை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை எடுப்பதற்குள் எனக்குக் கால் கடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வாய்த்த வேலை, எண்களை வேகமாக ஒப்பிடுவது! கண் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி. விழித்திரைப் படத்தில் சுற்றுப்புறத்தைவிட வெளிறிய புள்ளிகள் திட்டுத் திட்டாக இருந்தால், சர்க்கரை நோய் கண் வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தமாம். ஒரு படத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை விடியாது. அதனால் வேகத்துக்கென்றே யாரோ எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு ஒன்றை, 'நூலகம்' என்பார் இவர், வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு புள்ளிகளிடம் ஒரே அடியில், "பக்கத்துல இருக்கிறதைவிட நாற்பதுக்கு மேல வெளிச்சமா இருக்கியா?" என்று கேட்பார். முப்பத்திரண்டு பதில்களும் ஒன்றாக வரும்.

எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. அதனால் என் கண்ணைப் படமெடுத்து முதலில் அதில் ஓட்டினார். 'குறை இல்லை' என்று வந்தது. நிம்மதியாக இருந்தோம். பிறகு அது கண் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே படமெடுத்தவர்களுக்கெல்லாம் அதன் விடை கடிதமாகப் போக ஆரம்பித்தது.

நான் வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். சில மாதங்களில் தையல் கோடு மங்க ஆரம்பித்தது. பல்பைத் திட்டினேன், நூலைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன். கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை. அதற்குத்தான் நற்சான்று இருக்கிறதே!

ஒரு சனிக்கிழமை, சட்டை வாங்க வந்த ஒரு தாய் அதன் மேல் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தாள். அரை அங்குலம் கோணல். "பரவால்லக்கா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் போன பிறகு மெஷின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். கண் போனால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதானே.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் இவர்.

"உங்க ரிப்போர்ட்டை நம்புறீங்களா, என்னை நம்புறீங்களா?"

மனுஷர் எழுந்தார். லேப்டாப்பைத் திறந்து என் கண் படத்தைப் போட்டார். அதுவரை அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை, விடையைத்தான் பார்த்திருந்தார். திரை முழுக்க ஆரஞ்சு நிறம், அதில் கல் உப்பை இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. மங்கிய என் கண்ணுக்கே தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். இந்த எண்களில் மைனஸ் கிடையாது என்று நூலகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். இவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நூற்றிருபத்தேழைத் தாண்டிய வெளிச்ச வித்தியாசத்தையெல்லாம் அது பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். லேசாக வெளிறிய புள்ளிகள் 'ஆமாம்' என்றன. பளீரென்று இருந்தவை 'இல்லை' என்றுவிட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் முன் சோதித்துப் பார்த்த மற்ற படங்களெல்லாம் நோய் லேசாக இருந்தவர்களுடையவை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"உன் கண்ணைப் போயி… நான் ஒரு தடவை பார்த்திருந்தாலே போதுமே" என்று முகத்தை மூடிக்கொண்டார். வாங்கு வாங்கென்று வாங்கத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. இருபது வருஷமாக என்மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷர். "அழுதது போதும். சட்டையை மாட்டுங்க, டாக்டர்கிட்ட போகலாம்" என்றேன்.

லேசர் வைத்தால் இதற்குமேல் மோசமாகாமல் காப்பாற்றிவிடலாம், ஆனால் போன பார்வை முழுசாகத் திரும்பாது என்றார் டாக்டர். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அதற்குள் இவர் எல்லாப் படங்களையும் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டார். 'குறை இல்லை' என்று கடிதம் வாங்கியவர்களில் இன்னும் பதினோரு பேருக்குக் குறை இருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டதும், "நர்ஸ் போன் பண்ணிச் சொல்லிடுவாங்க" என்றார் டாக்டர்.

"தப்பு என்னோடது டாக்டர். நானே சொல்றேன்" என்று பட்டியலை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் எண்ணைப் போட்டார். எடுத்தது ஒரு பெண்.

"அம்மா… உங்க கண்ணு… ரிப்போர்ட்…" அதற்குமேல் குரல் வரவில்லை.

"யாருங்க? ஹலோ? யாரு பேசறீங்க?"

லேசருக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எனக்கு எல்லாம் புகைமூட்டமாக இருந்தது. தடவித் தடவி அவர் கையைப் பிடித்து போனை வாங்கினேன்.

"பயப்படாதீங்க. கண் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். உங்களுக்குக் குறை இல்லைன்னு சொன்ன அதே மெஷின்தான் எனக்கும் சொல்லுச்சு, தப்பாச் சொல்லிடுச்சு. இன்னிக்கே கிளம்பி வந்துடுங்க. நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."