ஆஸ்பத்திரிக்குள் ஒரு சேவலு

பினாயில் வாசனை... திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தாலே முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். வாசலுக்கு நேரே ஒரே ஒரு ஜன்னல். உள்ளே இருக்கும் அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏமம்மா, ஏம் நொப்பி?" என்பார். என்ன நோவு என்று சொன்னால் போதும், டோக்கன் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் அந்த ஜன்னலை மூடிவிட்டார்கள். எல்லாம் ஆன்லைனாம்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நகரியில் தறி ஓட்டினவர். நான் படித்தது அஞ்சாவது, அதுவும் தமிழில். அவர்தான் தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படிப்பார். போனில் அந்த ஆஸ்பத்திரி வெப்சைட்டைத் திறந்தார்.

அப்பப்பா... சந்தை தேவலை. மேலே ஒரு வரிசை, ஓரத்தில் ஒரு வரிசை, விரல் பட்டால் அதற்குள்ளிருந்து இன்னொன்று. நடுவில் படத்தில் டாக்டர்கள் சிரித்தபடி ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் 'உதவி வேண்டுமா' என்று ஒரு பெட்டி வந்து அதை மறைத்துக்கொள்ளும். உதவியா அது?

"டோக்கன்னு எங்கனா போட்டுக்கீதா பாரு மாமா."

"பாத்துக்கினுதான கீறேன்... விருது, கேலரி... இது இன்னா, சே...வ...லு."

"சேவலா?"

"ஆஸ்பத்திரில இன்னாத்துக்குடி சேவலு? கொழம்பு வெக்கவா?"

மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவரே, "அடச்சீ, சேவைங்கறத தெலுங்குல அப்டி போட்டுக்கீறான். சாமிக்கு பண்ற சேவ. திருப்பதியாச்சே... நமக்கு இல்ல" என்று தள்ளிவிட்டார். தேடித் தேடிக் கண் எரிந்து, போனைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அதே கதை.

நேரிலேயே போனோம். டோக்கன் இல்லாமல் வாசல் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. "போன்லயே சேவலுக்குள்ள போம்மா, அதுல டாக்டர்ஸ், அதுக்குள்ள டோக்கன்" என்றார்.

அங்கேதான் இருந்திருக்கிறது! திறந்தால், அந்த வாரத்து டோக்கன் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வரைக்கும் அவர் இருக்கவில்லை.

முன்னாடியே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

நோவோடு வருகிறவன் உங்கள் விருதையா பார்க்க வருகிறான்? அத்தனை வரிசைக்கு நடுவில் 'என்ன நோவு' என்று கேட்க ஓர் இடம் இல்லையா?

நேற்றும் திறந்து பார்த்தேன். இன்னும் ரெண்டு வரிசை கூட்டியிருக்கிறார்கள்...

அவர் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சேவலுக்குத்தான். அந்தச் சிரிப்பைக்கூட வயிறு எரியாமல் நினைக்க விடவில்லையே, பாவிகள்.