கோழிக்குச் செய்வதைத் தனக்கும் செய்தவன்

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. அதில் அன்பரசு மேற்பார்வையாளர். சின்ன வயதில் முட்டை லாரி ஓட்ட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. பத்தாவது படிக்கும்போது வகுப்பிலேயே கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தான். யாரோ ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். வலிப்பு வருகிறவனுக்கு ஸ்டியரிங் எதற்கு என்று வீட்டில் அதோடு பேச்சை முடித்துவிட்டார்கள். முட்டையை ஓட்டிக்கொண்டு போகத்தானே முடியாது, அது இருக்கிற இடத்திலாவது இருப்போம் என்று பண்ணையில் வந்து சேர்ந்துகொண்டான். ஆள் அப்படித்தான், எதற்கும் ரொம்ப நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டான்.

வால்ப்ரோயேட் என்று ஒரு மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதைப் போட ஆரம்பித்த பிறகு வலிப்பு அவன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்டையாம்பட்டிக்கு இலக்கியாவைப் பெண் பார்க்கப் போனபோது, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டான். கூட வந்த தாய்மாமன் தொடையைக் கிள்ளியும் வாயை மூடவில்லை. அந்தக் கிள்ளலைக் கவனித்த இலக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆளையும் பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு அவளும் அதே பண்ணையில் முட்டை எடுக்கும் வேலைக்கு வந்துவிட்டாள்.

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததும் இருவரும் சேலத்துக்கு, ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் நரம்பு டாக்டர் ஜாக்குலினைப் பார்க்கப் போனார்கள். வழக்கமான மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தான் அன்பரசு. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த மாத்திரை உங்க மரபணுவோட எழுத்தை மாத்தாது, அன்பரசு. ஆனா எந்த எழுத்தைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்னு அது மேல சில அடையாளங்கள் இருக்கு. அதுல இது கை வைக்கும். விந்தணு உருவாகிறப்பவும் அப்படி நடக்குமோன்னு ஒரு சந்தேகம். அப்பா இதைச் சாப்பிட்டுட்டிருந்தா பிள்ளையோட வளர்ச்சியில சிக்கல் கொஞ்சம் கூடுதலா வரலாம்னு ஒரு ஆய்வு சொல்லுது. அப்படி ஒண்ணும் இல்லைன்னு இன்னொண்ணு சொல்லுது. உறுதியா யாருக்கும் தெரியாது. அதனால மெதுவா வேற மாத்திரைக்கு மாறிக்கலாம். பழசை விட்டு மூணு மாசம் போனா புது விந்தணு வந்திரும். அதுவரைக்கும் குழந்தை வேண்டாம். சில டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, மாத்தறதை நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். நீங்களா எதையும் நிறுத்திடக் கூடாது."

பெண்டாட்டியை வைத்துக்கொண்டு ஒரு பெண் டாக்டர் விந்தணு விந்தணு என்று சொல்லச் சொல்ல, நம் ஆள் கூச்சத்தில் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னதில் முன்பாதி மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. கடைசி வாக்கியம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவன் தீர்மானித்துவிட்டான். இதில் அவனுக்குப் புரியாதது என்ன இருக்கிறது? பண்ணையில் கோழிக்குச் சீக்கு வந்தால் தண்ணீரில் மருந்து கலப்பார்கள். மருந்து ஓடுகிற நாட்களில் இட்ட முட்டை லாரி ஏறாது. மருந்தை நிறுத்தி, உடம்பிலிருந்து அது இறங்கும்வரை முட்டையைத் தனியே ஒதுக்குவார்கள். பிறகு வருவது நல்ல முட்டை. தனக்கும் அப்படித்தான் என்று நினைத்தான். சீக்கிரம் நிறுத்தினால் சீக்கிரம் சுத்தமாகிவிடும். கோழி அவன் கண்ணை அவ்வளவு மறைத்துவிட்டது.

"மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று இலக்கியா கேட்பாள். "ஆச்சு கண்ணு" என்பான். மாத்திரை கொல்லைப்பக்கம் மண்ணுக்குள் போயிருக்கும். பொய் சொல்கிற சங்கடம் இருந்தது. ஆனால் பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்தால் அது பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளையின் மேல் இப்போதே அவனுக்கு அத்தனை பாசம்.

ஒரு காலை, முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூண்டுகளுக்கு நடுவே போனவன் அப்படியே சரிந்தான். கோழிகள் போட்ட கூச்சலில் இலக்கியா ஓடி வந்தாள். சிமெண்ட் தரையில் அவன் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தான். உடைந்த முட்டையின் மஞ்சள் முகமெல்லாம் வழிந்து, நெற்றியிலிருந்து வந்த ரத்தத்தோடு கலந்தது. அவள் அதுவரை அவனை இப்படிப் பார்த்ததில்லை. சாவியைத் தேடி ஓடியவர்களைத் தடுத்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் டாக்டர் ஜாக்குலின் கேட்ட முதல் கேள்விக்கே கோழிக் கணக்கோடு உண்மை வெளியே வந்துவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க கோழி இல்ல, அன்பரசு. இந்த மாத்திரையைத் திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து. பழசையே இப்போ மறுபடி போடுங்க. உடம்பு நிதானத்துக்கு வரட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம்."

அவர் போன பிறகு இலக்கியா அவன் காதோரம் காய்ந்திருந்த மஞ்சளை ஈரத்துணியால் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னும் நெம்ப மாசம் ஆவும் போல" என்றான்.

"ஆவட்டுமுங்க. நானென்ன பண்ணைக் கோழியா, முட்டை போடற காலம் போச்சுன்னு கழிச்சு விடறதுக்கு?"

அவன் சிரிக்கப் பார்த்தான். நெற்றித் தையல் இழுத்தது. "நம்ம புள்ளைக்கு ஒரு கொறையும் வந்தரக் கூடாதுன்னுதான் கண்ணு செஞ்சேன்."

இலக்கியாவின் கை நின்றது. அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"கொறையில்லாத புள்ள வேணும்னு நெனச்சீங்க, செரி. அந்தப் புள்ளைக்கு அப்பன் இல்லாம போறது கொறையில்லீங்களா?"

அன்பரசு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரையை எடுத்துத் தரச் சொன்னான்.