சேறு வரும் வியாழன்

செல்லாயிக்கு மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் கணக்கில் சேரும். மற்ற நாளெல்லாம் சும்மா வந்து போகிறவை. அன்றைக்குத்தான் துறைமுகத்திலிருந்து படகுக்காரன் ஐயாவு வேனில் சேறு கொண்டுவருவான்.

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள், புருஷன் செத்தபின் ஈப்போவுக்கு வந்து ஓர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவச் சேர்ந்தாள். எண்பத்திரண்டில் அங்கே டாக்டர் லூர்துசாமி ஒரு வேலையைத் தொடங்கினார். கப்பல் பூச்சிலிருந்து உதிர்ந்த ஈயம் துறைமுகத்துச் சேற்றில் படிந்து கிடக்கிறது. அலை கலக்கும்போது அதில் எவ்வளவு தண்ணீருக்கு ஏறும், எவ்வளவு திரும்ப இறங்கும் என்று கம்ப்யூட்டரை முன்கூட்டியே சொல்லவைக்கும் வேலை. அது சொல்வதும் ஐயாவு கொண்டுவரும் சேறும் நீரும் காட்டுவதும் ஒத்துப்போகும்வரை அவன் வந்தாக வேண்டும். ஒத்துப்போகவே கூடாது என்று மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டவள் செல்லாயி ஒருத்திதான்.

ஐயாவு ஒன்றும் பெரிய அழகன் இல்லை. முன்பல் ஒன்று கிடையாது. பெட்டிகளை இறக்கிவைத்துக் கோப்பி குடிப்பான், கடல் கதை அளப்பான், அவள் சிரிப்பாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவை வைத்து அவள் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவாள்.

எண்பத்து நாலில் டாக்டர் சொன்னார்: "அடுத்த தடவையும் ஒத்து வந்துட்டா முடிஞ்சிரும் செல்லாயி. அப்புறம் சேறு வேணாம்."

அமிலத்தில் ஊறாத பாட்டிலில் பழைய ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்றிரண்டு, நீர் பிடிக்க ஐயாவு கையில் துறைமுகத்துக்குப் போனால் போதும், எல்லாம் குழம்பிவிடும். ஒரு பாட்டிலைக் கையில் பிடித்தபடி செல்லாயி வெகுநேரம் நின்றாள். அந்தத் துறைமுகத்துக் கெராங் சிப்பியைத்தான் ஐயாவு அவித்துத் தின்கிறான் என்பது நினைவுக்கு வந்தது. கணக்குப் பிசகினால் அதில் எவ்வளவு ஈயம் ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும். எல்லாப் பாட்டில்களையும் அமிலத்தில் போட்டாள்.

ஒத்து வந்தது. "நீ சுத்தமா கழுவுனதாலதான் சரியா வந்துச்சு," என்று டாக்டர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அவள் தொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்தாள்.

மிச்சமிருந்த காலிப் பெட்டிகளை ஒப்படைக்க ஐயாவு வந்தான். அவள் கோப்பி கலக்கிக் கொடுத்தாள்.

"சேறு இல்லாட்டியும் வரலாம் லா," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"சேறு இல்லாம எதுக்குக்கா வாரது?" என்றான். கேலியில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"சும்மா கேட்டேன். கோப்பி ஆறுது, குடி."