மலிவு பஸ் நின்ற காலை

எங்கள் ஊர் வழியாக மலிவு பஸ் ஓடிய காலத்தில் எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கென்று மிஞ்சியது ஒரு துண்டு மல்லிகைத் தோட்டமும் மாமியாரும். அவளும் இளவயதிலேயே கணவனை இழந்தவள். காரியத்தன்று என் தலையிலிருந்து பூவை எடுத்தது அவள் கைதான். அதைக் கொடுமை என்று அவள் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நானும் நினைக்கவில்லை. பூவைப் பறிப்பேன், விற்பேன், வைத்துக்கொள்ள மாட்டேன். ஊர் வழக்கம் அப்படி இருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு அதுவரை ஒரே கம்பெனியின் பஸ்தான் போய்வந்தது. அதன் கண்டக்டருக்குக் கூடையைக் கண்டாலே ஆகாது. அதனால் பறித்த மொட்டை எல்லாம் சைக்கிளில் வரும் தரகரிடம் போட்டுவிட்டு, அவர் சொன்னதுதான் விலை என்று வாங்கிக்கொள்வோம். வாயைத் திறந்தால், "வேணாம்னா நீயே வச்சுக்க ஆத்தா" என்பார். வெயில் ஏறினால் மல்லிகை வெடித்துவிடும், வெடித்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அந்த நேரத்தில்தான் ஒரு புது முதலாளி பழைய வண்டிகளை வாங்கி, பச்சைப் பெயின்ட் அடித்து, பாதிக் கட்டணத்தில் விட்டார். கூடைக்குக் காசே இல்லை. சனம் சும்மா இருக்குமா? பல்வலி இல்லாதவர்கள்கூடப் பல் டாக்டரைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் போனார்கள். ஆத்தூர்ப் பக்கத்துக் கத்தரிக்காய், தேங்காய், கோழி எல்லாம் பஸ் மேலே ஏறின. மாட்டு வண்டி வைத்திருந்தவர்கள் மாட்டை விற்றார்கள். நான் தரகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பூ மார்க்கெட்டில் போய் உட்கார்ந்தேன். தூணோரமாக ஓர் இடம் பிடித்தேன். அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. ஒரு நாள் நாம் சாக்கு விரிக்காவிட்டால் அந்த இடத்தில் அடுத்தவர் சாக்கு விழும். விழுந்தால் விழுந்ததுதான், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து என் பூவுக்கு என் வாயால் நான் விலை சொன்ன முதல் நாள், எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

பாதிக் கட்டணத்தில் டீசல் எப்படிக் கட்டுபடியாகும் என்று நாங்கள் யோசித்தோமா? யோசிக்கவில்லை. டயர் தேய்ந்து நூல் தெரிந்தது. டிரைவர் சம்பளம் வரவில்லை என்று முணுமுணுத்தார். நாங்கள் அவருக்குக் கொஞ்சம் பூவைக் கொடுத்து, "உங்க வீட்டுக்காரிக்குக் குடுங்கண்ணே" என்று சமாதானப்படுத்தினோம். வைகாசியில் ஒரு காலை, சாலையில் கூடைகளோடு நின்றால் பச்சை வண்டி வரவே இல்லை. டீக்கடைக்காரர்தான் சேதி சொன்னார். கடன் கொடுத்தவர்கள் எல்லா வண்டிகளையும் வத்தலக்குண்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாதாம்.

நாங்கள் நான்கு பெண்கள். கூடை நிறைய மொட்டு. பழைய கம்பெனி பஸ் வந்தது, பிதுங்கி வழிந்துகொண்டு. கண்டக்டர் படியில் நின்றபடியே கத்தினார். "இன்னையிலருந்து டிக்கெட் ஏறிப்போச்சு. ஆள் வேணா அடுத்த டிரிப்புல வாங்க. கூடை எப்பவும் கிடையாது!"

பஸ் போன புழுதி அடங்குமுன் தரகர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ! கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, முன்பு கொடுத்ததிலும் பாதி விலை சொன்னார்.

"இனிமே எங்கிட்டத்தானத்தா வரணும். பஸ்ஸை நம்பியா என்னையப் பகைச்சீக?"

மற்ற மூவரும் கூடையை அவர் பக்கம் நகர்த்தத் தொடங்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்று இவரிடம் போட்டால் நாளையும் இவரிடம்தான். தூணோரத்து இடமும் போய்விடும்.

"செத்த நேரம் பொறுங்கடி" என்றேன். "இன்னைக்கு முகூர்த்தம். நம்மள மாதிரி எல்லா ஊருப் பூவும் ரோட்டுலதான் நிக்கும். மார்க்கெட்டுல பூவே இருக்காது. இவரு எதுக்கு வேகாத வெயில்ல சைக்கிள் மிதிச்சு வாராருன்னு நினைக்கிறீக? கூடைதான ஏறக்கூடாது? பூவைக் கட்டிருவோம்."

பக்கத்துத் தோப்பிலிருந்து வாழைநார் கொண்டுவந்தோம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டினோம். என் கை அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. தரகர் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். கட்டிய சரங்களை ஈரத்துணியில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டோம். கூடைகளை டீக்கடையில் கவிழ்த்தோம். அடுத்த பஸ் வந்ததும் ஏறினோம்.

கண்டக்டர் மடியைப் பார்த்துவிட்டார்.

"பூவும் சரக்குதான். எறங்குங்க."

"பொம்பளை மடியில பூ இருந்தா சரக்காண்ணே? கல்யாணத்துக்குப் போறோம். தலைக்கு வைக்க" என்றேன்.

"அம்புட்டுமா?"

"எங்க முடியைப் பாருங்க. பத்தாதுன்னுதான் கவலையா இருக்கு."

பஸ் சிரித்தது. என்னோடு வந்த மூவரும் சட்டென்று ஆளுக்கொரு முழம் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் என்னையே பார்த்தார். அவருக்கு என் வீட்டுச் சேதி தெரியும். அந்தச் சாலையில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

"அவுக சரி. நீயுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் கால் தவித்தது உண்மை. ஆனால் மடியில் கனத்தது என் பூ. அங்கே காத்திருப்பது என் இடம். ஒரு முழத்தைக் கிள்ளினேன். கொண்டையில் செருகினேன்.

"ஆமண்ணே, நானுந்தான். விசிலை ஊதுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட்டைக் கிழித்தார். விசில் ஊதினார்.

மார்க்கெட்டில் பூ இல்லாமல் கல்யாண வீட்டுக்காரர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரி தன் சாக்கைப் பாதி என் இடத்தில் விரித்திருந்தாள். அதை மடித்து அவள் பக்கம் வைத்துவிட்டு என் சாக்கை விரித்தேன். அவள் என் தலையைப் பார்த்துவிட்டுத் தன் கூடையை நகர்த்திக்கொண்டாள். நான் சொன்ன விலைக்குச் சரம் முழுதும் போயிற்று. அந்த வாரம் ஊர்களில் கத்தரிக்காய் அழுகியது, மாட்டை விற்றவர்கள் இரட்டை விலை கொடுத்து மாடு தேடினார்கள். பழைய கம்பெனி வைத்ததுதான் கட்டணம் என்றாயிற்று. ஆனால் தூணோரத்து இடம் என்னிடமே இருந்தது.

வீடு திரும்பும்போதுதான் பயம் வந்தது. பூவை எடுத்துவிட்டுப் போகலாம் என்று கை போனது. ஏன் எடுக்கவேண்டும் என்று ஒரு கோபம் வந்து தடுத்தது. வாடிய பூவோடுதான் வாசலில் நுழைந்தேன். எனக்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருந்தது. மாமியார் என் தலையைப் பார்த்தாள்.

"இடம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"வித்துச்சா?"

"அம்புட்டும்."

சோற்றைப் போட்டாள். சண்டைக்குத் தயாராக வந்த நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் விடியலில் மொட்டுப் பறித்துக்கொண்டு வந்தேன். அத்தை உட்கார்ந்து என்னோடு சேர்ந்து கட்டினாள். சரங்களைத் துணியில் சுருட்டியபின் பார்த்தால், நெருக்கமாகக் கட்டிய ஒரு முழத்தை மட்டும் தனியாக எடுத்து ஈரத்தில் வைத்திருந்தாள். நான் அதையும் மடியில் போடப் போனேன்.

"அது விக்கிறதுக்கு இல்ல" என்றாள். "திரும்பு."