என் கல்யாணத்தைக் கலைக்கப் போனவர்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் மாடி அறை. கூடத் தங்கியிருந்தவள் என் கல்லூரித் தோழி, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சொந்த ஊர் எனக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவுக்கு நெல்லும் வேர்க்கடலையும்தான் உலகம். நான் ஒரே பெண். அப்பாவும் ஒரே பிள்ளை, அம்மாவுக்கும் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. லேபில் இது நல்ல குணம். ஒரே பெயரில் இரண்டு பேர் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வயதைச் சரிபார்க்காவிட்டால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவருடைய ரிப்போர்ட்டில் ஏறிவிடும். அதனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். வெளியில்தான் இதனால் தொல்லை. கேஸை மூடிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். தோழி படியில் நின்றுகொண்டு, பூட்டு ஒருநாள் கையோடு வந்துவிடப் போகிறது என்று கிண்டல் செய்வாள்.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு ஒரு வரன் வந்து, தேதி குறிக்கிற அளவுக்குப் போய், திடீரென்று நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் முடிவு செய்வதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் வந்து விசாரிப்பார்கள். பெண் தங்கியிருக்கும் தெருவில் கடைக்காரர், பக்கத்து வீடு என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். யாராவது உதட்டைப் பிதுக்கினால் போதும், முடிந்தது கதை. ‘உங்க பொண்ணு இருக்கிற தெருவுல யாரோ கலைச்சு விட்டுட்டாங்க’ என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ என்றால் யார்? அன்றிலிருந்து அந்தத் தெருவே எனக்குச் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. எதிரில் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக் கொடுக்கும் இஸ்திரி அண்ணன், முக்கில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா, இரண்டு பேரிடமும் அதற்குமுன் நின்று பேசுவேன். பிறகு துணியைக் கொடுத்தோமா, இட்லியை வாங்கினோமா, வந்தோமா என்று வைத்துக்கொண்டேன். இட்லிக்கடை அக்கா எதற்கெடுத்தாலும், ‘இன்னைக்கு ஏன் லேட்டு? ஊருக்குப் போகலையா?’ என்று கேட்பார். இவர் எதற்கு இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்கிறார் என்று தோன்றும்.

அந்த ஆவணியில் வந்த வரன் இன்னும் நல்ல இடம். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போகிற ஊர். வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும், ஒரே பிள்ளை. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ பார்த்தேன், பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே பிடித்திருந்தது. அவர் ஒருநாள் போன் செய்து பேசினார். மெதுவான குரல். ‘அங்க உங்களுக்கு யாரு இருக்காங்க?’ என்று கேட்டார். ‘யாரும் இல்லீங்க. நான் உண்டு, என் வேலை உண்டு’ என்றேன். அடக்கமான பெண் என்று நினைக்கட்டும் என்பதற்காகக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ‘நல்லது’ என்றார். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே தெருவின் நடவடிக்கை மாறியது. லேபிலிருந்து வரும்போது இஸ்திரி வண்டியருகில் தோழியும் அண்ணனும் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணன் பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்து மடித்த வேட்டியை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். இட்லிக்கடை அக்கா எதுவும் கேட்காமல் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். கேட்டால் சந்தேகப்பட்ட நான், கேட்காததற்கு அதைவிட ஜாஸ்தியாகச் சந்தேகப்பட்டேன். பைக்கில் இரண்டு பேர் வந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனதாகக் கீழ்வீட்டில் சொன்னார்கள். இந்த இரண்டு இடத்திலும் நின்றுதான் பேசினார்களாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியேறும்போது, அறைக்குள் தோழி போனில் பேசுவது காதில் விழுந்தது. ‘அவகிட்ட எதுவும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம நேர்லயே போய் முடிச்சிடலாம்.’

உள்ளே போய் யார் என்று கேட்டேன். பள்ளிக்கூட விஷயம் என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். துடைத்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. அவளுக்கும் அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதுவும் அமையவில்லை. ‘உனக்கு அமையலன்னா எனக்கும் அமையக் கூடாதா?’ என்று கேட்டுவிட்டேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழந்தைகளின் நோட்டுப் புத்தகங்களை எடுத்துத் திருத்த உட்கார்ந்தாள். குற்றம் இருப்பதால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பயந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு பேரும் கிரிவலம் போவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தலைவலி என்று படுத்திருந்தாள். நான் தனியாகப் போனேன். வழக்கமாக அடி அண்ணாமலையில் டீ குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு நடப்போம். அன்றைக்கு டீயும் குடிக்கவில்லை. அங்கே கோயிலில் நின்று ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன். என் கல்யாணத்தை யார் கலைக்கிறார்கள் என்று எனக்குக் காட்டு. அவ்வளவுதான். சாமியிடம் போய் உளவு வேலை கேட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

கேட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஈசானிய லிங்கத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால், எதிரே மூன்று பேரும் நிற்கிறார்கள். தலைவலி என்று படுத்திருந்தவள் புதுச் சுடிதாரில். ஊருக்கெல்லாம் துணி தேய்த்துக் கொடுத்துவிட்டுத் தான் கசங்கிய பனியனோடு நிற்கும் அண்ணன், மடிப்புக் கலையாத கட்டம் போட்ட சட்டையில். இட்லிக்கடை அக்கா பச்சைப் பட்டுப் புடவையில். ஞாயிற்றுக்கிழமைதான் வெளியூர்க் கூட்டத்தால் அவர் கடையில் வியாபாரம் அள்ளும். அதையே மூடிவிட்டு வந்திருக்கிறார். மூவரும் ஏறிய பஸ்ஸின் போர்டைப் பார்த்தேன். அந்த மாப்பிள்ளையின் ஊர்.

கரும்புச்சாறு மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பதினாலு கிலோமீட்டர் நடந்த களைப்பையும் மீறி அழுகை வந்தது. பஸ் புறப்பட்டதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். என்மேல் பொறாமைப்படுகிறவர்கள் மூன்று பேர் உங்கள் ஊருக்கு வருகிறார்கள், என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் என்றேன். சட்டை, புடவை, கண்ணாடி என்று அடையாளம்கூடச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எத்தனை மணி பஸ் என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான் அந்தக் கேள்வியை மட்டும் சந்தேகப்படவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்குத் திரும்பி வந்தார்கள். நாங்கள் குடிவந்த மூன்று வருஷத்தில் இஸ்திரி அண்ணன் எங்கள் மாடிப்படியில் கால் வைத்ததே இல்லை. அன்றைக்கு வாசலில் வந்து நின்றார். சட்டைப் பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசில் அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் இட்லிக்கடை அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அண்ணன்தான் பேச ஆரம்பித்தார். ‘அன்னைக்கு பைக்ல வந்தவங்க ஒன்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கலம்மா. அப்பாவுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா, மாமன் இருக்காரா, கேக்கறதுக்கு ஆளு உண்டான்னுதான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. எனக்கு அதுதான் ஒரு மாதிரி பட்டுச்சு.’

அதைத் தோழியிடம் சொல்லியிருக்கிறார். தோழி என் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். எங்கள் சார்பில் போய் விசாரிக்க அப்பாவுக்கு யாரும் இல்லை. வேர்க்கடலைப் பறிப்பு நேரம் வேறு. ‘நீயே போய்ப் பாத்துட்டு வாம்மா. அவளுக்கு இப்ப சொல்லாத, சந்தேகப்பட்டே சாப்பிடாம கெடப்பா’ என்றாராம். அவள் தனியாகப் போனால் எடுபடாது என்று இந்த இரண்டு பேரும் என் பெரியப்பாவாகவும் அத்தையாகவும் கிளம்பியிருக்கிறார்கள். அதற்குத்தான் பட்டுப் புடவையும் தேய்த்த சட்டையும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நாலைந்து பேர் காத்திருந்து மறித்தார்களாம். ஒருவன் அண்ணனின் சட்டையைப் பிடித்திருக்கிறான், கூட்டம் கூடியதும்தான் விட்டானாம். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம், மளிகைக் கடைக்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாராம். கடைசியில் தெருக்கோடியில் ஒரு இஸ்திரி வண்டி தெரிந்திருக்கிறது. அண்ணன் போய் அதன் நிழலில் உட்கார்ந்து, கரி எங்கே வாங்குகிறீர்கள், சாம்பல் ஜாஸ்தியா கம்மியா என்று தொழில் பேச்சுப் பேசியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து அந்த வீட்டுத் துணி பற்றிக் கேட்டிருக்கிறார்.

‘அந்தம்மா புடவய எப்பவும் தேய்க்கக் குடுக்கறதில்லையாம். பையன் பேண்ட் சட்டைதான் வரும். ஆனா போன வருஷம் தை மாசத்துலேர்ந்து எட்டு மாசம் சுடிதாரும் பட்டுப் புடவையும் சேந்து வந்துட்டிருந்துச்சாம். அப்புறம் நின்னுடுச்சாம்.’

எனக்கு உடனே புரிந்தது. புரிந்தும், தங்கச்சியாக இருக்கலாமே என்று வாதாடினேன். ஒரே பிள்ளை என்று அவர்கள் சொன்னதை எனக்கே அண்ணன் ஞாபகப்படுத்தினார். அந்தப் பெண்ணின் பிறந்த வீடு எங்கே என்றும் இஸ்திரிக்காரர் சொல்லியிருக்கிறார். அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பெண். வழக்கு இன்னும் முடியவில்லை. ‘எனக்கு விசாரிக்க ஆள் இல்லக்கா, போட்டோவ பாத்து முடிச்சிட்டாங்க’ என்று அவள் சொன்னதை இட்லிக்கடை அக்கா சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

நான் அழுதேன். அந்த மாப்பிள்ளைக்காகக் கொஞ்சம், என்னை நினைத்து நிறைய. பிறகு தாங்க முடியாமல், காலையில் போன் செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

‘தெரியும்மா’ என்றார் அண்ணன். ‘சட்டையப் புடிச்சவனே சொன்னான், ஒங்க பொண்ணே போன் பண்ணிட்டாளேன்னு.’

அதாவது பஸ்ஸை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிஷத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்காகப் போனார்களோ அவளே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்திருக்கிறது. அப்படியே அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று நானாக இருந்தால் வந்திருப்பேன். அவர்கள் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் தெருவின் கோடி வரைக்கும் நடந்திருக்கிறார்கள்.

தோழியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் கேட்ட கேள்விக்கு எந்த மன்னிப்பும் போதாது. அவளே கண்ணாடியைக் கழற்றாமல் என்னைப் பார்த்து, ‘பூட்ட இழுத்துப் பாக்கற மாதிரி என்னையும் இழுத்துப் பாத்துட்ட. கையோட வந்துடுச்சா?’ என்று கேட்டாள். சிரிக்க முயன்று மறுபடி அழுதேன். மறுநாள் அண்ணனின் சட்டையை வாங்கி நானே பையைத் தைத்துக் கொடுத்தேன். கோணல் தையல். அவர் அதைத்தான் இன்னமும் விசேஷங்களுக்குப் போட்டுக்கொண்டு போகிறார்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சந்தேகமும் போகவில்லை, கேஸைத் தொட்டுப் பார்க்கத்தான் செய்கிறேன். தோழிக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கிரிவலம் தொடர்கிறது. அடி அண்ணாமலைக் கோயிலில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். யார் கலைக்கிறார்கள் என்று காட்டச் சொன்னேன், அவரும் மறைக்காமல் மூன்று பேரையும் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் காட்டினார். பார்த்தும் தெரியாதவள் நான்தான்.

போன மாதம் ஒரு வரன் வீட்டிலிருந்து ஓர் அம்மா போனில் பேசினார். பேச்சுவாக்கில், திருவண்ணாமலையில் உனக்கு யாரும்மா இருக்காங்க என்று கேட்டார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். இஸ்திரி அண்ணன் கரியை விசிறிக்கொண்டிருந்தார், முக்கில் அக்காவின் கடையில் ஆவி பறந்துகொண்டிருந்தது, தோழி அங்கே வரிசையில் நின்றாள். ‘பெரியப்பா, அத்தை, கூடப் பிறந்தவ எல்லாரும் இருக்காங்கம்மா, வந்து விசாரிச்சுக்கோங்க’ என்று நான் சொன்ன பதிலில் சந்தேகப்பட ஒரு எழுத்துகூட இல்லை என்பதுதான், அந்த ஆவணி எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து.