பூஜைக்குத் துடைத்த மெமரி கார்டு

என் அவசரப் புத்தியைப் பற்றி வீட்டில் எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள். எனக்கு அது உறைத்தது அந்த விஜயதசமிக் காலையில்தான்.

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால், ஒற்றை அறையில் ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறேன். பஜனை, தியானப் பேச்சு, கடை விளம்பரம், எது வந்தாலும் சரி. கைக்குள் அடங்கும் ரெக்கார்டரில் பதிவு செய்து, அதன் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி எடிட் செய்வேன். புது புராஜெக்ட் தொடங்கும்போதெல்லாம், ஒலிக்கோப்புகளை இந்த ஃபோல்டருக்குள் நகலெடுக்கவா என்று மென்பொருள் கேட்கும். யார் காத்திருப்பது என்று 'வேண்டாம்' கொடுத்துவிடுவேன். அப்படிக் கொடுத்தால் புராஜெக்டில் குரல் இருக்காது. குரல் எந்தக் கார்டில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். பிறகு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். நினைப்பதோடு சரி.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் சொல்கிறவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, சாவு, எதுவானாலும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் குரலில்தான் போய்ச் சேரும். தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு பேச வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ஊரை அழைக்கிற அறிவிப்பு தன் குரலில்தான் இருக்க வேண்டும் என்று, ஆபரேஷனுக்கு முன்னால் வந்து பேசிப் பதிந்துவிட்டுப் போனார்.

"மியூசிக் ஜாஸ்தி போடாதம்மா. பேச்சு கேக்கணும்" என்றார். அதற்கப்புறம் அவர் பேசி நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லாரி ஓட்டிய அப்பா வளர்த்த வீடு எங்களுடையது. சாமி முன்னால் வைக்கிற பொருளில் பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. மைக்கைத் துடைத்தேன், ஒயர்களைத் துடைத்தேன். கார்டுகள் உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒன்றுவிடாமல் ஃபார்மேட் செய்தேன். பெரிய பக்திமான்! டப்பாவில் அடுக்கி, மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைத்தேன்.

நல்ல நாள் என்று மறுநாள் காலையிலேயே அவரும் மனைவியும் வந்துவிட்டார்கள். ஆபரேஷனில் அவர் கழுத்தில் போட்ட துளையை ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. கையில் பிள்ளைகள் எழுதும் சிலேட்டு. 'போடு' என்பதுபோல் தலையசைத்துச் சிரித்தார். நான் புராஜெக்டைத் திறந்தேன்.

திரை முழுக்கச் சிவப்பு. கோப்பு காணவில்லை, கோப்பு காணவில்லை என்று வரிசையாக.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, சத்தமே வரலியே?" என்றார் அந்த அக்கா.

"சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோங்க்கா." வாய் கூசாமல் சொன்னேன். மூடித் திறந்தேன். அதே சிவப்பு. ஓடிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, பூஜைக்குச் சுத்தம் பண்றேன்னு அழிச்சிட்டேங்க."

"அய்யய்யோ! இன்னாம்மா சொல்ற? இனிமே ஏதும்மா அவருக்குக் குரலு?"

ஃபார்மேட் செய்தாலும், அதன்மேல் வேறு எதையும் பதியாதவரை பழையது உள்ளே கிடக்க வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொன்னேன். கார்டைச் செருகி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். பன்னிரண்டு சதவீதம். பதின்மூன்று. முதலில் வந்தது யாருடைய பஜனையோ. அடுத்தது வெறும் இரைச்சல். அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். எழுபது சதவீதத்தில் இன்னொரு கோப்பு வந்தது. பயந்து பயந்து தட்டினேன்.

"அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே..."

முழுசாக இருந்தது. ஒரு எழுத்து குறையவில்லை. முதல் வேலையாக மூன்று இடத்தில் நகலெடுத்துவிட்டு, நான்தான் முதலில் அழுதேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்து, அப்படியே அணைத்துக்கொண்டார்.

அவர் மட்டும் கண்ணை மூடித் தன் குரலைக் கடைசிவரை கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். சிலேட்டில் வேகமாக எழுதி மனைவியிடம் நீட்டினார். அக்கா சிரித்துக்கொண்டேதான் வாசிக்கத் தொடங்கினார்.

"மூணாவது வரி சரியில்ல. இன்னொரு தடவ பேசிடறேன்."

வாசித்து முடித்தபோது அக்கா முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் அதற்குள் நாற்காலியை மைக் பக்கம் இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.